ரன் பொத்தானை அழுத்தினால் என்ன தவறு?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் பள்ளிக் கணினி மன்றத்தில் ஓர் அறிவுரை என் காதில் விழும். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒருவர், புதிதாகச் சேர்ந்த உயர்நிலை ஒன்று மாணவரிடம் பெரிய மனிதத் தோரணையில் சொல்வார்: “எடிட்டர்லயே ரன் பட்டனை அழுத்தறதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வேலை. நிஜமான புரோகிராமர் டெர்மினல்லதான் ஓட்டுவாரு.” கேட்ட பிள்ளை உடனே பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடும். அடுத்த அரை மணி நேரம் கறுப்புச் சாளரத்தோடு போராட்டம்தான்.

மாணவர்களே, உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். அந்த அறிவுரை எனக்கு உடன்பாடில்லை. நிரல் எழுதத் தொடங்கும் ஒருவர், எழுதும் இடத்திலேயே அதை இயக்கிப் பார்க்க வேண்டும், அதுவும் அடிக்கடி இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. டெர்மினல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய நேரம் வரும்.

பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதும் பைத்தான் நிரல் வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. அதை எழுத உதவுவது எடிட்டர். அதை வரிவரியாகப் படித்துச் செயல்படுத்துவது பைத்தான் என்ற இன்னொரு மென்பொருள். புரோட்டாக் கடையில் ஆர்டர் சீட்டு எழுதுபவர் வேறு, கல்லில் புரோட்டா போடுபவர் வேறு அல்லவா? அதுபோலத்தான். டெர்மினல் வழியாக இயக்குவதென்றால், சீட்டை நீங்களே அடுப்படிக்கு எடுத்துப் போக வேண்டும். கோப்பைச் சேமித்து, டெர்மினலைத் திறந்து, கோப்பு இருக்கும் கோப்புறைக்குப் பாதை தட்டி, பைத்தானின் பெயரையும் கோப்பின் பெயரையும் பிழையின்றித் தட்ட வேண்டும். ரன் பொத்தான் இந்த வேலைகளை ஒரே அழுத்தத்தில் செய்துவிடுகிறது. பைத்தானை நிறுவும்போது கூடவே வரும் ஐடில் எடிட்டரில் எஃப்5 விசையை அழுத்தினால் போதும்.

நான் அறிவியல் ஆசிரியர். எனக்கு இது கணினி விவகாரமாகத் தெரியவில்லை, சோதனை விவகாரமாகவே தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் ஊசல் சோதனை செய்யும்போது நூலின் நீளத்தை மாற்றி மாற்றி எத்தனை முறை அளக்கிறீர்கள்? ஒரு முறை அளக்க ஒரு நிமிடம் போதும் என்பதால் எட்டு, பத்து முறை சலிக்காமல் செய்வீர்கள். அதே நீங்கள் அமில, கார நடுநிலையாக்கச் சோதனையில் மூன்றாவது முறையிலேயே, “போதும் டீச்சர்” என்பீர்கள். பியூரெட்டைக் கழுவி நிரப்பி மறுபடியும் தொடங்க வேண்டுமே! ஒரு சோதனை எவ்வளவு நேரத்தை விழுங்குகிறதோ, அதைப் பொறுத்தே நாம் எத்தனை கேள்விகள் கேட்கத் துணிவோம் என்பது அமைகிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் ஃபேரர் பார்க்கோடு தொடர்புடையது. ரேஸ்கோர்ஸ் ரோடு என்ற பெயர் ஏன் வந்தது என்று யோசித்ததுண்டா? 1933ஆம் ஆண்டு புக்கித் தீமாவுக்கு இடம் மாறும்வரை குதிரைப் பந்தயத் திடல் இங்குதான் இருந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி அந்தத் திடலிலிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானம் மேலெழுந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியான்ஸ் ஓட்டிய பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானம் அது. மரமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய பெட்டி போன்ற ஒன்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த விமானத்திற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்திய கதை. ரைட் சகோதரர்கள் தொடக்கத்தில் தங்கள் மிதவை விமானங்களைச் சோதிக்க, ஊரை விட்டுக் கிட்டி ஹாக் கடற்கரை மணல்வெளிக்குப் போக வேண்டியிருந்தது. இறக்கையின் வடிவத்தைச் சற்று மாற்றினால் அதன் பலனைப் பார்க்க மறுபடியும் பயணம், காற்றுக்காகக் காத்திருப்பு. 1901ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர்கள் டேட்டன் நகரிலுள்ள தங்கள் சைக்கிள் கடையிலேயே ஒரு மரப்பெட்டியைச் செய்து, ஒரு முனையில் விசிறி பொருத்தி, உள்ளே சிறிய உலோக இறக்கைகளை வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ 200 வடிவங்களைச் சோதித்துவிட்டார்கள். கடற்கரையில் அது பல ஆண்டு வேலை. என்னைக் கேட்டால், அந்த மரப்பெட்டிதான் அவர்களுடைய ரன் பொத்தான்.

கணினி உலகத்திலும் இதே கதை நடந்தது. 1960களின் தொடக்கத்தில் நிரல் எழுதியவர்கள் அட்டைகளில் துளையிட்டு, அந்தக் கட்டைக் கணினி அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அது மறுநாள்தான் தெரியவரும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் இதை மாற்ற நினைத்தார்கள். இலக்கியமும் வரலாறும் படிக்கும் மாணவர்கள்கூடக் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1964ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு, அவர்கள் உருவாக்கிய பேசிக் மொழியில் நிரல் தட்டப்பட்டு, அதே விசைப்பலகையில் ‘ரன்’ என்ற சொல்லும் தட்டப்பட்டது. விடை அங்கேயே அச்சாகி வந்தது. இன்று நீங்கள் அழுத்தும் பச்சை முக்கோணத்தின் கொள்ளுத் தாத்தா அந்தச் சொல். பிறகு 1983ஆம் ஆண்டு டர்போ பாஸ்கல் வந்தது. எடிட்டரும் கம்பைலரும் ஒரே மென்பொருளில் இருந்தன. பிழை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கே அது உங்களைக் கூட்டிப் போய் நிறுத்தும். விலை 49.95 அமெரிக்க டாலர். இவற்றை உருவாக்கியவர்கள் யாரும் ‘சின்னப் பிள்ளைகள்’ அல்லர்.

சரி, இதனால் வகுப்பில் என்ன மாறுகிறது? ஒரு தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொள்வோம். பெக் கியோ உணவங்காடியில் 80 டிகிரி சூட்டில் ஒரு தே வாங்குகிறீர்கள். சுற்றியுள்ள காற்று 30 டிகிரி. ஒவ்வொரு நிமிடமும், தேநீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டில் 5 விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூட்டனின் குளிர்தல் விதியின் எளிய வடிவம் இது. எத்தனையாவது நிமிடத்தில் சூடு 60 டிகிரிக்குக் கீழே வரும்?

பெரும்பாலோர் மனக்கணக்காகப் போடுவது இது: முதல் நிமிடத்தில் 50இல் 5 விழுக்காடு, அதாவது 2.5 டிகிரி குறைகிறது. 20 டிகிரி குறைய வேண்டும். ஆகவே 8 நிமிடம். ஐந்தாறு வரிகளில் ஒரு நிரல் எழுதி இயக்கினால், 8ஆவது நிமிடத்தில் 63.2 டிகிரி என்று திரையில் வரும். 10ஆவது நிமிடத்தில்தான் 59.9 ஆகிறது. ஏன்? தேநீர் ஆற ஆற வேறுபாடு சுருங்குகிறது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் குறையும் அளவும் சுருங்குகிறது. இதைப் பலகையில் எழுதி நான் பல முறை விளக்கியிருக்கிறேன். எண்கள் வரிசையாகத் திரையில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் பல முகங்களில் தெளிவு தெரிந்தது.

அதன் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. யாரும் சொல்லாமலே எண்களை மாற்றத் தொடங்குவார்கள். குளிரூட்டிய அறையில் 24 டிகிரி என்றால்? 9ஆவது நிமிடம். கடைக்காரர் தே தாரிக்கை இழுத்து இழுத்து ஆற்றுகிறாரே, அப்போது 5 விழுக்காட்டுக்குப் பதில் 10 என்று வைத்தால்? 5ஆவது நிமிடத்திலேயே 60க்குக் கீழே போய்விடும். ஒரு எண்ணை மாற்றுவது, அழுத்துவது, பார்ப்பது, மூன்று விநாடி. ஒவ்வொரு முறையும் சாளரம் மாறி, கட்டளை தட்டி, பாதை தவறி, மறுபடியும் தட்ட வேண்டியிருந்தால் இரண்டாவது கேள்வியோடு பாதி வகுப்பு நின்றுவிடும்.

ஒரு மாணவி 5 விழுக்காட்டை 0.05 என்று தருவதற்குப் பதில் 5 என்றே தந்துவிட்டாள். முதல் நிமிடத்தில் தேநீர் மைனஸ் 170 டிகிரி. இரண்டாவது நிமிடத்தில் 830. மூன்றாவதில் மைனஸ் 3,170. கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் காட்டியது. பக்கத்து இருக்கைப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மைனஸ் 273க்குக் கீழே எதுவுமே போக முடியாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நிரலை மேலிருந்து படித்தாள், எண்ணைத் திருத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. தனிப்பூஜ்ய வெப்பநிலை அன்று அவளுக்குப் பாடநூல் எண்ணாக இல்லை, பிழை பிடிக்கும் கருவியாக இருந்தது.

இந்தப் பொத்தானுக்கு எதிராக ஒரு நியாயமான வாதமும் உண்டு. அழுத்துவது சுலபமாக இருந்தால் யோசிப்பது குறைந்துவிடும் என்பார்கள். உண்மைதான். பிழைச் செய்தியைப் படிக்காமலே ஓர் அடைப்புக்குறியைச் சேர்ப்பது, அழுத்துவது, வரவில்லையென்றால் அதை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்துவது என்று போகும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சோதனையே அல்ல, குலுக்கல். தேர்வு எழுதும்போது, இந்த நிரல் என்ன விடை தரும் என்று தாளில் கேட்டால் அவர்களுக்குக் கை ஓடாது. சுடோகு புதிரில் எல்லா எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவரைப் போல.

ஆனால் அதற்கு மருந்து பொத்தானைப் பிடுங்குவது அல்ல. அறிவியல் பாடத்தில் முன்கணித்தல், கவனித்தல், விளக்குதல் என்ற வரிசை உங்களுக்குப் பழக்கமானது. இங்கிலாந்தின் சூ சென்டன்ஸ் என்ற கணினிக் கல்வி ஆய்வாளரும் அவர் குழுவினரும் நிரலாக்கத்துக்கு உருவாக்கிய ‘பிரிம்’ முறையிலும் முதல் படி முன்கணிப்புதான். இரண்டாவது படிதான் இயக்குவது. என் வகுப்பில் விதி ஒன்றே: விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்க வேண்டும். அழுத்துவதற்கு முன் என்ன வரும் என்று பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும். எழுதிய பிறகு நூறு முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுப்பார்கள். மூன்றாவது வாரத்தில் தாளில் எழுதியதும் திரையில் வந்ததும் பொருந்தினால் கை தட்டுவார்கள். பொருந்தாதபோதுதான் பாடம் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

பொத்தான் சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கோப்புறையில்தான். மழையளவுத் தரவு உள்ள கோப்பும் நிரலும் ஒரே கோப்புறையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும், கோப்பைக் காணவில்லை என்று பைத்தான் அடம்பிடிக்கும். காரணம், ஐடிலில் எஃப்5 அழுத்தும்போது நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்தே வேலை தொடங்குகிறது. வேறு சில பெரிய எடிட்டர்களில், நீங்கள் திறந்து வைத்திருக்கும் மேல்நிலைக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் வீட்டுக்குள் நிற்பதாக நினைக்கிறீர்கள், கணினி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு தேடுகிறது.

சில எடிட்டர் துணைநிரல்கள் விடையைக் காட்ட மட்டுமே ஒரு பகுதியை ஒதுக்கும். நிரல் உங்கள் பெயரைக் கேட்கும், ஆனால் அங்கே எதையும் தட்ட முடியாது. நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடுவீர்கள். சிலவற்றில் கோப்பைச் சேமிக்காமல் அழுத்தினால் பழைய நிரலே இயங்கும். திருத்தியும் பிழை போகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். உலாவியில் இயங்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் இன்னொரு வினோதம். ஒரு கட்டத்தில் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டத்தையே அழித்தாலும், மாறி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். இன்று அழகாக ஓடும் நிரல், நாளை புதிதாகத் திறந்தால் ஓடாது. ஐடில் ஒவ்வொரு முறையும் நினைவகத்தைத் துடைத்துவிட்டுத் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. தொடங்குபவர்களுக்கு அந்தப் பழைய, அழகில்லாத எடிட்டரையே நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டத்தில்தான் டெர்மினலுக்குரிய நேரம் வருகிறது. பொத்தான் என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்ற கேள்வி உங்களுக்கே எழும்போது, அந்த வேலைகளை ஒவ்வொன்றாக உங்கள் கையால் செய்து பாருங்கள். எந்தக் கோப்புறை, எந்தப் பைத்தான், எந்தக் கோப்பு என்ற மூன்றுக்கும் விடை அங்கே வெளிப்படையாகத் தெரியும். 2015ஆம் ஆண்டு மே மாதம், அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், தாம் எழுதிய சுடோகு தீர்க்கும் நிரலை ஃபேஸ்புக்கில் வெளியிட்டது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கலாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. கட்டளைச் சாளரத்தில் இயங்கும் எளிய நிரல் அது என்று அவரே குறிப்பிட்டிருந்தார். புதிரை வரிவரியாகத் தட்டினால் விடையையும், எத்தனை படிகளில் தேடியது என்பதையும் அது காட்டும். பொத்தானும் இல்லை, வண்ணமும் இல்லை. இருந்தும் யார் கணினியிலும் அதை இயக்கிப் பார்க்க முடிந்தது. உங்கள் நிரலை அடுத்தவருக்குக் கொடுக்கும் நாள் வரும்போது, அவரிடம் உங்கள் எடிட்டர் இருக்காது. அதற்காகவாவது டெர்மினல் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது மூன்றாவது மாதத்துப் பாடம், முதல் நாள் பாடம் அல்ல.

முதல் நாள் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்? 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்துவிட்டது. 2017ஆம் ஆண்டில் கணினியியல் பைத்தானோடு சாதாரண நிலைப் பாடமாகப் பள்ளிகளில் அறிமுகமானது. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் சாதனம் ஒன்றாக இருந்தாலும் வீடு ஒன்றல்ல. சிலருக்கு வீட்டில் அண்ணனோ அப்பாவோ மென்பொருள் துறையில் இருப்பார்கள், டெர்மினல் மிரட்டினால் கேட்டுக்கொள்வார்கள். ஃபேரர் பார்க்கில் என் அடுக்குமாடியில் வசிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. பாதை தவறியதால் வந்த பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, “எனக்கு கம்ப்யூட்டர் வராது டீச்சர்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் ஒரு வரி நிரல்கூட அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். தங்களைப் பற்றிய அந்த முடிவைப் பிறகு மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் கேட்ட நொடியில் நிரல் தருகின்றன. வெட்டி, ஒட்டி, அழுத்துவது மிகச் சுலபம். கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் ஒரு சிறிய நிரலுக்கு முடியும். யார் எழுதியது என்று ரன் பொத்தான் கேட்காது. நீங்கள் வரிவரியாகப் படித்து, என்ன செய்யும் என்று தாளில் எழுத முடியாத நிரலை இயக்காதீர்கள். பென்சில் விதி இங்கேயும் செல்லும்.

கடைசியாக, இந்த வாரம் செய்து பார்க்க ஒன்று. பைத்தானில் ஒரு சொல்லின் நீளத்தை எண்ணிச் சொல்லும் கட்டளை உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் அது என்ன சொல்லும்? நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினி 5 என்று சொல்லும். யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு, ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே எண்ணுவதற்கு ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பை முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதினார்கள். கட்டளைகளே தமிழில் அமைந்த எழில் என்ற நிரல் மொழியும் அவர் உருவாக்கியதுதான். அதில் திரையில் வணக்கம் காட்ட வேண்டுமென்றால் பதிப்பி “வணக்கம்” என்று எழுதினால் போதும்.

இப்போது உங்கள் முறை. எடிட்டரைத் திறந்து ‘ஃபேரர் பார்க்’ என்று தட்டுங்கள். அதன் நீளம் எவ்வளவு என்று பைத்தான் சொல்லும்? முதலில் தாளில் எழுதுங்கள். நடுவிலுள்ள இடைவெளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அழுத்துங்கள்.